யாக்கோபு என்னும் சாட்சி

இயேசு என்றொருவர் வாழ்ந்ததே இல்லை என்று வாதிடுவோர் பெரும்பாலும் நற்செய்தி நூல்களின் முரண்களைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். முரண்கள் இருப்பது உண்மை. ஆனால் அந்த வாதம் நிலைகுலையும் இடம் வேறு. கி.பி. 50-ஐ ஒட்டிக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல், எருசலேமில் கேபா எனப்பட்ட பேதுருவுடன் 15 நாள் தங்கியதையும், அங்கே ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் சொல்கிறார். தன் போதனை எருசலேம் தலைவர்களிடம் கற்றதல்ல என்று நிலைநாட்டவே அந்தப் பகுதியை எழுதுகிறார். அவர்களைச் சந்தித்ததை ஒப்புக்கொள்வது அவருக்கே பாதகம். அதனால்தான் பொய் சொல்லவில்லை என்று கடவுள்முன் உறுதி கூறுகிறார். யாக்கோபிடமிருந்து வந்தவர்களால் அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் மற்றவர்களும் சேர்ந்து உண்பது நின்றுபோன சண்டையையும் அடுத்தாற்போல் சொல்கிறார். தனக்கு இவ்வளவு இடைஞ்சலான மனிதரை அவர் கற்பனையில் உண்டாக்கியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. விசுவாசிகள் எல்லாருமே சகோதரர்கள்தானே என்பார்கள். ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது ஆண்டவரின் சகோதரர்களையும் கேபாவையும் பவுல் தனித்தனியே குறிப்பிடுகிறார். கேபா விசுவாசி இல்லையா? திருச்சபைத் தந்தை ஜெரோம் கருதியபடி ஒன்றுவிட்ட சகோதரர் என்றே கொண்டாலும், இரத்த உறவு இரத்த உறவுதான்.

யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் யாக்கோபின் சாவைச் சொல்கிறார். கி.பி. 62-இல் ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவரான அல்பினுஸ் வந்து சேராத இடைவெளியில், தலைமை ஆசாரியர் அனனுஸ் மன்றத்தைக் கூட்டி, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லவைத்தார். நகரத்தின் நியாயவான்கள் முறையிட்டதால் மூன்றே மாதத்தில் பதவியிழந்தார். எருசலேமின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த யோசேபஸுக்கு அப்போது வயது ஏறக்குறைய 25. இந்தச் செய்தியும் கிறிஸ்தவர் செருகியது என்பது ஆட்சேபம். யோசேபஸின் யூத வரலாற்றில் 18-ஆம் நூலிலுள்ள இயேசு பற்றிய பத்தியில் கிறிஸ்தவக் கை பட்டிருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் 20-ஆம் நூலிலுள்ள இந்தச் செய்தியில் பக்தியே இல்லை. 'எனப்பட்ட' என்று விலகி நிற்கிறது. கிறிஸ்தவர்கள் சொன்ன கதையோ வேறு: ஹெகெசிப்புஸ் யாக்கோபை ஆலயத்தின் மேலிருந்து தள்ளி, துணி வெளுப்பவரின் தடியால் அடித்துக் கொன்றார்கள் என்று எழுதினார். செருகியவர் அதையல்லவா செருகியிருப்பார்? மேலும், 3-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொற்களை எடுத்தாளும் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன், யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்றும் சேர்த்தே எழுதுகிறார்.

இந்தச் சான்றுகள் அற்புதங்களையோ உயிர்ப்பையோ நிறுவுவதில்லை. அவற்றின்மேல் அவ்வளவு பாரம் ஏற்றவும் கூடாது. அதேபோல, யாக்கோபின் பெயருடன் 2002-இல் வெளிப்பட்ட எலும்புப் பேழையை யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அதன் எழுத்துகள் போலி என்று 2003-இல் இஸ்ரேலின் தொல்லியல் துறை அறிவித்தது. 2012-இல் உரிமையாளரைப் போலிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்த நீதிபதியும், எழுத்துகள் உண்மையானவை என்று தீர்ப்பளிக்கவில்லை.