ஜந்தர் மந்தர் போராட்டத் தடை

டெல்லி நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள ஜந்தர் மந்தர் சாலையில் போராட்டங்களை நிறுத்தும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 அக்டோபர் 5 அன்று உத்தரவிட்டது. ஒலி மாசு காரணமாகச் சொல்லப்பட்டது; மாற்றிடம் ராம்லீலா மைதானம். அங்கே எழும் முழக்கம் ஆள்வோர் காதுக்கு எட்டாது என்பதே போராடுவோரின் நியாயமான குறை.

தமிழக விவசாயிகள் அவ்வாண்டு மண்டையோடுகளை முன்னே வைத்து, அரை நிர்வாணமாக வாரக்கணக்கில் அமர்ந்திருந்ததும் ஜந்தர் மந்தரில்தான்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், முழுத் தடை செல்லாது என 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இன்றும் ஜந்தர் மந்தரில் கூடுவதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும்.