செத்த காலேஜுக்குப் போன கூட்டம்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கதையைச் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் நடராஜரிடமிருந்து தொடங்குவார்கள். நான் புலியிடமிருந்து தொடங்குகிறேன். எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவரின் பொறுப்பில் 1851-இல் அரசு அருங்காட்சியகம் உருவானபோது, அங்கே இருந்தவை சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் பாறை, கனிம மாதிரிகள்தான். இடம், நுங்கம்பாக்கத்தில் கம்பெனி அதிகாரிகளுக்கு நம் மொழிகளைச் சொல்லிக்கொடுத்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? உயிருள்ள புலியும் சிறுத்தையும் வந்து சேர்ந்தபோது ஜனம் திரண்டது. பால்ஃபர் அதை உடனே புரிந்துகொண்டார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கிவிட்டார்.

அதற்குள் அருங்காட்சியகம் 1854-இல் எழும்பூரில் பாந்தியன் என்ற தோட்ட வளாகத்துக்கு இடம் மாறியிருந்தது. அந்த இடத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1778-இல் ஹால் ப்ளூமர் என்ற கம்பெனி அதிகாரிக்கு 43 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. 1793-இல் அது 24 பேர் கொண்ட ஒரு குழுவின் கைக்குப் போனது. நகரத்து வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கைக் கவனிப்பதே அந்தக் குழுவின் வேலை. நடனம், விருந்து, நாடகம், சீட்டாட்டம் எல்லாம் இங்கேதான். திப்பு சுல்தானை வென்ற கார்ன்வாலிஸுக்கும் இங்கே வரவேற்பு நடந்தது. 1821-இல் ஆர்மீனிய வணிகர் மூரட் இதை வாங்கினார். 1830-இல் அரசு திரும்ப வாங்கிக் கலெக்டர் கச்சேரி ஆக்கியது. பல்லக்குத் தூக்கியும் விளக்குப் பிடித்துமே நம் ஆட்கள் நுழைந்திருக்கக்கூடிய தோட்டம் அது. அங்கே அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சென்னை நகரத்தின் பெரிய திருப்பங்களில் ஒன்று என்றே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

1863-இல் விலங்குகள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. காலேஜில் தொடங்கியதால் ‘காலேஜ்’ என்ற பேர் இரண்டோடும் ஒட்டிக்கொண்டது: பூங்கா ‘உயிர் காலேஜ்’, அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. புதுப்பேட்டையில் இருந்த எங்கள் ஆயா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். “காணும் பொங்கலன்னிக்கி செத்த காலேஜு, உயிர் காலேஜு ரெண்டையும் பாத்துட்டுத்தான்டி வூடு திரும்புவோம்” என்பார். தூக்குவாளியில் புளிசோறு, இடுப்பில் பிள்ளை, போக வர நடை. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பற்றி அவர் சொன்ன அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இதே அருங்காட்சியகத்துக்கு 1885-இல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதி சாதியாகப் பிரித்து எழுதினார். 1909-இல் அது ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. பார்க்க வந்த ஜனங்களையே பார்வைப் பொருளாக்கிய அந்த வேலையை என்னால் மன்னிக்க முடியாது. அவர் காலத்தில் சேகரிப்பு வளர்ந்ததும் உண்மைதான்.

நான் மாணவர்களை எப்போதும் முதலில் அழைத்துப்போவது அமராவதிச் சிற்பங்களிடம். குண்டூர்ப் பக்கம் அமராவதி ஸ்தூபியின் கற்களை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845-இல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி அவற்றைத் தோண்டியெடுத்து சென்னைக்கு அனுப்பினார். பெரும்பங்கு 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. இங்கே இருப்பவற்றில் வட்டமான ஒரு சுண்ணாம்புக்கல் பலகை உண்டு. மதம் பிடித்த நளகிரி யானை தெருவில் ஓடி வருகிறது. ஆட்களைத் தூக்கி வீசுகிறது. ஒரு பெண் மிரண்டு பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்கிறாள். மாடிச் சாளரங்களில் முகங்கள். அதே வட்டத்துக்குள், அதே யானை, புத்தர் முன்னால் முழங்காலிட்டுக் கிடக்கிறது. முன்னே நடந்ததும் பின்னே நடந்ததும் ஒரே தெருவில். பிள்ளைகள் யானையைத்தான் பார்ப்பார்கள். சாளர முகங்களை எண்ணச் சொன்னால் அதன்பிறகு நகர மாட்டார்கள்.

திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. திருவாசி இல்லை, விரிசடை இல்லை. அதனாலேயே தூக்கிய காலின் வளைவும் கையின் வீச்சும் மறைப்பின்றித் தெரிகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இதை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களை வைத்துக்கொண்டே 1913-இல் இதைப் பற்றி எழுதினார். மண்ணில் புதைந்து பச்சை பிடித்த செப்புத் திருமேனிகளைச் சுத்தம் செய்ய 1930-களிலேயே இங்கே வேதியியல் கூடம் இருந்தது. வந்து பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த உழைப்பு தெரியும்?

நாடக அரங்கு, ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவந்த விக்டோரியா நினைவு மண்டபம் என்று வளாகத்தில் கண்ணைப் பறிக்கும் கட்டடங்கள் நிறைய. எனக்கு நெருக்கமானது 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இங்கே வர வேண்டும். அதன் மேசைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை எந்நேரமும் பார்க்கலாம். சாப்பாட்டு டப்பாவோடு வந்து சாயங்காலம்வரை படித்து, அரசு வேலைக்குப் போன என் மாணவிகள் உண்டு. அவர்களில் ஒருத்தி புதுப்பேட்டையில் எங்கள் தெருக்காரி.