கொட்டகையில் கிடந்த பந்தயக் கார்

தோட்டப்புற வரலாறு என்றவுடன் கப்பல் பயணமும் கங்காணி முறையும் பெரட்டுக் களமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை எழுதப்பட வேண்டியவையே. இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்றும் சொல்வேன். ஆயினும், தோட்டத்து ஸ்டோர்க் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த பண்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அத்தகைய பண்டம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடைப்பட்டதொரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது, ரப்பர்த் தட்டுகளைப் புகைபோடும் கொட்டகைக்குப் பின்புறம் பழைய ஸ்டோர் ஒன்று இருந்தது. உர மூட்டைகளுக்கும் ஓட்டை விழுந்த பால் வாளிகளுக்கும் நடுவே இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய கார் ஒன்று கிடந்தது. அதற்குக் கதவுகள் இல்லை. மரச்சட்டத்தைக் கறையான் பாதிக்குமேல் தின்றுவிட்டது. என்ஜினைத் தண்ணீர் இறைப்பதற்காக எப்போதோ கழற்றிக்கொண்டு போனதாக எங்கள் லயத்து டிரைவர் தாத்தா சொல்வார். சக்கரங்கள் மிதிவண்டிச் சக்கரம்போல் கம்பி போட்டவை, உயரமானவை. முகப்பில் எட்டு மூலை கொண்ட ஒரு தகட்டு முத்திரை இருந்தது. நாங்கள் அதில் ஏறி அமர்ந்து அலோர் ஸ்டாருக்கும் பினாங்குக்கும் போய்வருவோம். 1979-ஆம் ஆண்டளவில் பழைய இரும்பு வாங்குபவர் வந்து, அதைத் துண்டாக்கி, நிறுத்து, லாரியில் ஏற்றிச் சென்றார். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிலும்போது, ஆங்கில மோட்டார் இதழ் ஒன்றில் அதே எட்டு மூலை முத்திரையைக் கண்டேன். அது எம். ஜி. கம்பெனியின் அடையாளம். எங்கள் விளையாட்டுப் பொருள் 'டி' வரிசையைச் சேர்ந்த பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களில் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இத்தகைய கார்கள் ரப்பர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? போருக்கு முன்பே துரைமார் சிலர் இவற்றைக் கொண்டுவந்தனர். ஆனால் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்து எல்லையைக் கடந்து கெடாவுக்குள் புகுந்தது. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி விமானத் தளங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை முறிந்தது. துரைமார் தெற்கே ஓடினர். விட்டுச் சென்ற வண்டிகளில் ஓடக்கூடியவற்றை வந்தவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆகவே, நம் வட்டாரத்துக் கொட்டகைகளில் பிற்காலத்தில் கிடந்தவை பெரும்பாலும் போருக்குப் பின் வந்தவை என்றே கொள்ளலாம்.

போரில் வென்ற பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்பவர்க்கே எஃகு என்னும் கொள்கையை அதன் அரசாங்கம் வகுத்தது. எம். ஜி. கம்பெனி ஆபிங்டன் நகரிலிருந்த தன் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை 'டிசி' என்னும் மாதிரியில் சுமார் 10,000 கார்களைச் செய்தது. 1250 சி.சி. கொள்ளளவுள்ள, 54 குதிரைத்திறன் என்ஜின். 19 அங்குலக் கம்பிச் சக்கரம். ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு அறைந்த உடல். அமைப்பில் அது 1930-களின் கார்தான். ஆயினும் உலகெங்கும் இளைஞர் அதை விரும்பி வாங்கினர். 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்.கே. 120 வெளிவந்தது, மணிக்கு 120 மைல் என்பதே அதன் பெயரில் உள்ள எண். இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் பிரிட்டனுக்கு டாலர் ஈட்டிக் கொடுத்த பெரும் பொருள் மலாயாவின் ரப்பர். பால் வெட்டியவர் கையால் போன டாலர் ஒருபுறம். அவர் வேலை செய்த தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் வந்து நின்ற கார் மறுபுறம்.

துரைமாருக்கும் மோட்டார்ப் பந்தயத்திற்கும் உள்ள தொடர்பு பழையது. இலங்கையில் நுவரெலியாவுக்கருகே மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் 1934-இலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் 1950-களில் பந்தயக் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்படும்வரை தென்னிந்தியாவின் மோட்டார்ப் பந்தயத்திற்குச் சோழவரமே தலைமைக் களம். நம் தீபகற்பத்திலோ, சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961-இல் முதல் கிராண்ட் பிரி நடந்தது. சுமார் 3 மைல் சுற்று. பொதுச் சாலையே தடம். முதல் ஆண்டில் இயன் பார்ன்வெல் என்பவர் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி. 3 எஸ் காரில் வென்றார். 1962-இல் அதற்கு மலேசிய கிராண்ட் பிரி என்று பெயரிட்டனர்; ஜாகுவார் ஈ-டைப் காரை ஓட்டிய யோங் நாம் கீ வாகை சூடினார். 1963-இலும் 1965-இலும் லோட்டஸ் 23 என்னும் சிறிய காரில் ஆல்பர்ட் பூன் வென்றார். இடையில் 1964-இன் பந்தயத்தை மழையே வென்றது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். 1973-க்குப் பின் அங்கே பந்தயம் இல்லை. முதல் சில ஆண்டுகளின் வெற்றியாளர் பட்டியலைக் கண்டால் எல்லாம் பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களே என்பது விளங்கும்.

லோட்டஸ் கம்பெனியை நம் நாட்டுப் புரோட்டோன் 1996-இல் வாங்கி, 2017 வரை தன்வசம் வைத்திருந்தது. தாம்சன் சாலையில் ஓடிய காரைச் செய்த கம்பெனி இருபது ஆண்டுகளுக்கு மலேசியர் கையில் இருந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பந்தயத்தில் தோற்ற காருக்கும், வயதாகிப்போன காருக்கும் மதிப்பு ஏது? முதலில் ஒன்றும் இல்லை. ஒரு பந்தயக் கார் மூன்று, நான்கு ஆண்டுகளில் பழசாகிவிடும். கைமாறிக் கைமாறி, என்ஜின் ஓரிடமும் உடல் ஓரிடமுமாகப் பிரிந்து, கடைசியில் ஏதோவொரு கொட்டகையில் முடங்கும். இந்த நிலையை மாற்றியது பழங்கார்ப் பந்தயம் என்னும் புதிய வழக்கம். இங்கிலாந்தில் 1934-இல் பழைய விளையாட்டுக் கார் வைத்திருப்போர் ஒரு சங்கம் கண்டனர். 1930-க்குப் பின் வந்த கார்கள் தரம் தாழ்ந்தன என்பது அவர்கள் கட்சி. குட்வுட் என்னும் களத்தின் கதை இன்னும் சுவையானது. போர்க்கால விமானத் தளத்தின் சுற்றுச் சாலை 1948-இல் பந்தயத் தடமாயிற்று, 1966-இல் மூடப்பட்டது, 1998-இல் மீண்டும் திறந்து, அந்தப் பதினெட்டு ஆண்டுக் காலத்துக் கார்களையும் அவற்றுக்கு முற்பட்டவற்றையும் ஓடவிடுகிறார்கள். பார்வையாளர்கூடப் பழைய உடையில் வருகிறார்கள். கேலிக்கூத்து என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் கார் சொல்லாததை ஓடுகிற கார் சொல்லிவிடும்.

கொட்டகையில் கிடந்த காரைப் பந்தயத்திற்கு மீட்பது எளிய வேலையன்று. கண்டவுடன் கழுவக் கூடாது என்பது அனுபவசாலிகளின் முதல் விதி. தூசிக்கு அடியில் இருக்கும் பழைய வண்ணம், பந்தய எண்ணின் தடம், கையால் கீறிய குறி ஆகியவை எல்லாம் சான்றுகள். முதலில் படம் எடுக்க வேண்டும். அடுத்துச் சட்டத்தில் பொறித்த எண்ணையும் என்ஜின் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அதன் பின்னரே ஸ்பேனரை எடுக்கலாம்.

ஸ்பேனரிலும் ஒரு வேடிக்கை உண்டு. டிசி காரின் என்ஜினில் உள்ள திருகாணிகளின் புரி மில்லிமீட்டர்க் கணக்கு. தலையோ விட்வொர்த் என்னும் பழைய ஆங்கில அங்குலக் கணக்கு. அந்த என்ஜினின் பரம்பரை, மோரிஸ் நிறுவனம் வாங்கிய ஒரு பிரெஞ்சுக் கம்பெனிப் பட்டறையிலிருந்து வந்தது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டரில் புரி வெட்டுபவை. ஆங்கிலேயத் தொழிலாளர் கையிலிருந்த சாவிகள் அங்குலத்தில் அமைந்தவை. இரண்டுக்கும் சமாதானமாக இந்தக் கலப்புத் திருகாணி பிறந்தது. இதை அறியாமல் கடையில் வாங்கிய அங்குலத் திருகாணியை முடுக்கினால் புரி அழியும். நம் தோட்டத்துப் பட்டறைகளில் எத்தனை ஃபிட்டர்கள் இந்தப் புரியோடு மல்லுக்கட்டியிருப்பார்களோ! கம்பிச் சக்கரத்தின் நடு நட்டும் அப்படித்தான்: இடப்புறத்துக்கு ஒரு திசைப் புரி, வலப்புறத்துக்கு எதிர்த் திசைப் புரி. மாற்றிப் பூட்டினால் ஓடும்போது தானே கழன்றுவிடும்.

பல்லாண்டு நின்றுபோன என்ஜினை உடனே ஓட்ட முயல்வது அதைக் கொல்வதாகும். சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெயை ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, கைப்பிடியால் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அசைந்தபின் முழுவதும் பிரித்து, கிராங்க் தண்டில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று காந்தப் பொடி தூவிப் பார்க்க வேண்டும். சாலையில் மெதுவாகப் போகும் காருக்கு இது வேண்டாமே என்று தோன்றும். பந்தயத்தில் என்ஜின் நீண்ட நேரம் உச்ச வேகத்தில் சுழல்கிறது. அந்த வெடிப்பு அங்கேதான் பிளக்கும். மரச் சட்டத்தில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தால் ஒட்டுப்போடுவது நல்ல தச்சரின் வழி. இதற்கெல்லாம் மேலாக, உலக மோட்டார்ச் சம்மேளனம் அக்கால அமைப்பிலிருந்து எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று விதி வகுத்து, ஒவ்வொரு காருக்கும் ஒரு தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வழங்குகிறது. கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலை காக்கும் வளைகம்பி, தீயணைப்பான், மின்சாரம் துண்டிக்கும் விசை முதலிய பாதுகாப்புச் சாதனங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

இவ்வளவும் மாற்றியபின் அது பழைய கார்தானா என்ற கேள்வி எழாமல் இராது. இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றமே ஏறியது. பெண்ட்லி கம்பெனியின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் கார் 1929-இலும் 1930-இலும் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதற்கு வேறு சட்டமும் பெரிய என்ஜினும் பொருத்தப்பட்டன. 1932-இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். மறுபடியும் சீர்செய்து வேறு உடல் கட்டினர். பல்லாண்டு கழித்துச் சுமார் 1 கோடி பவுனுக்கு விலை பேசிய ஒரு நிறுவனம், இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அன்று என்று சொல்லி வாங்க மறுத்தது. 1929-இல் வென்ற காரின் உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. எனினும் 1990-இல் நீதிபதி ஆட்டன், உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தார். உறுப்புகள் மாறினும் அந்தக் காரின் வாழ்வு எங்கும் அறுபடவில்லை, அதே பெயரில் வேறொரு கார் இருந்ததுமில்லை என்பதே காரணம். நான் இத்தீர்ப்பை முழுதும் ஏற்கிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொடர்ச்சியை மெய்ப்பிக்கத் தாள்கள் வேண்டும். பதிவேடு, ரசீது, புகைப்படம் இல்லாத கார் எத்தனை உண்மையான உறுப்புகளைக் கொண்டிருந்தாலும் ஐயத்துக்குரியதே.

இங்கேதான் நம் குறை தெரிகிறது. இந்தியா 1972-இலேயே பழம்பெரும் கார்கள் வெளிநாடு செல்வதற்குத் தடை விதித்தது. அரண்மனைக் கார்களுக்குச் சொந்தக்காரர் பெயர் உண்டு, படம் உண்டு. தோட்டத்துக் காருக்கு அவை இல்லை. துரை ஊர் போய்விட்டார். வண்டியைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, அந்தக் கலப்புத் திருகாணிக்கு மாற்று ஆணியைத் தம் கையால் கடைந்து போட்ட தமிழ் ஃபிட்டரின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது அலுவலகக் கணக்குப் புத்தகங்களும் எரிந்தன.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. மீட்பவர் எஃகைக் காக்கிறார், மரத்தைக் காக்கிறார், கிழிந்த தோல் இருக்கையைக்கூடக் காக்கிறார். முதலில் எறிவது ரப்பரை. பிரேக்கு வாளையம், பெட்ரோல் குழாய், என்ஜின் மெத்தை, டயர் எதையும் அவர் வைத்துக்கொள்ள முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. அது இறுகிப் பாளம்பாளமாக வெடிக்கிறது. பழைய டயரோடு பந்தயத்தில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. எனவே பழைய அச்சு வடிவத்தில் புதிய டயர் வார்த்துப் போடுகிறார்கள். டன்லப் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவில் தோட்டங்களை வாங்கியது என்பதையும், போருக்குப் பிந்திய அந்தக் கார்களின் டயரில் நம் பாட்டிமார் வெட்டிய பால் கலந்திருக்கக்கூடும் என்பதையும் நினைத்தால், அந்தக் காரில் நமக்கு உரியது எதுவோ அதுவே முதலில் குப்பைக்குப் போகிறது.

எங்கள் ஸ்டோரில் கிடந்த காரைத் தேட முடியுமா என்று சில ஆண்டுகளுக்கு முன் முயன்றேன். எம். ஜி. கார்களின் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஆர்வலர் இங்கிலாந்தில் உண்டு. சட்ட எண் வேண்டும்; அல்லது பதிவு எண்ணாவது வேண்டும். சட்டம் உருக்கு உலைக்குப் போய்விட்டது. என்னோடு அந்தக் காரில் பினாங்குக்குப் போய்வந்த நண்பர்கள் மூவரைக் கேட்டேன். ஒருவருக்கு நிறம் பச்சை என்று நினைவு. மற்றொருவர் கறுப்பு என்கிறார். எண் தகட்டின் முதல் எழுத்து கெடாவுக்குரிய 'கே' என்பதில் மட்டும் நால்வருக்கும் ஐயமில்லை. அதற்கடுத்த எண்கள் ஒருவருக்கும் நினைவில்லை.