வாரிசாக வந்தவை: ‘சைலண்ட் ஹில் 2’ ஆட்டத்தின் பலங்களும் எரிச்சல்களும்

1. களம்

‘சைலண்ட் ஹில் 2’, ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட திகில் வீடியோ கேம். 1999இல் வந்த ‘சைலண்ட் ஹில்’ ஆட்டத்தின் இரண்டாம் பாகம் இது. கொனாமிக்குள் இயங்கிய ‘டீம் சைலண்ட்’ குழு இதை உருவாக்கியது. மசாஷி ட்சுபோயாமா இயக்கினார். ஹிரோயுகி ஓவாக்கு கதையை எழுதினார். கோர உருவங்களை மசாஹிரோ இட்டோ வடிவமைத்தார். இசை அகிரா யமாஓகாவுடையது.

இது ‘சர்வைவல் ஹாரர்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. 1989இல் வந்த ‘ஸ்வீட் ஹோம்’, 1992இல் வந்த ‘அலோன் இன் தி டார்க்’ ஆகியவை இந்த வகையின் முன்னோடிகள். 1996இல் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ அதற்குப் பெயரையும் இலக்கணத்தையும் நிலைநாட்டியது. அந்த இலக்கணத்தின் உறுப்புகள் சில: அசையாமல் ஒரு மூலையிலிருந்து பார்க்கும் கேமரா, எண்ணிச் செலவழிக்க வேண்டிய தோட்டாக்கள், பூட்டிய கதவுகள், அவற்றின் சாவிகளை மறைத்து வைத்திருக்கும் புதிர்கள், அளவான சுமைப்பை.

ஆகவே இவ்வகையில் இரண்டாம் பாகமாக வரும் ஆட்டத்துக்கு இரண்டு வழிகளில் சொத்து வந்து சேர்கிறது. ஒன்று முதல் பாகத்தின் ஊரும் கதையும். மற்றது வகையின் பொதுச் சட்டங்கள். ‘சைலண்ட் ஹில் 2’ தன் வாரிசுச் சொத்துக்குப் புதுப் பொருள் கொடுத்த இடங்களே அதன் பலம். பொருள் மாற்றாமல் அப்படியே எடுத்து வைத்த இடங்களில் எரிச்சல் மிஞ்சுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் போதும்: ஆட்டக்காரரை மறிக்கும் தடை, கதைமாந்தரையும் அதே விதத்தில் மறிக்கிறதா? மறித்தால் அது திகிலாகிறது. ஆட்டக்காரரை மட்டும் மறித்தால் அது வெறும் தொல்லை.

2. கதையில் விட்டதும் எடுத்ததும்

முதல் பாகத்தின் கதை, தொலைந்த மகளைத் தேடும் ஹாரி மேசனையும் ஊரை ஆட்டிவைக்கும் ஒரு மறைவழிபாட்டுக் கூட்டத்தையும் சுற்றியது. வழக்கமான தொடர்ச்சி என்றால் அந்தக் கூட்டத்தின் மிச்சக் கதையைச் சொல்லியிருக்கும். இரண்டாம் பாகம் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டது. நாயகன் ஜேம்ஸ் சண்டர்லேண்டுக்கு அவன் மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது. இருவருக்கும் பிரியமான இடத்தில் காத்திருப்பதாகச் சொல்கிறது. மேரியோ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோயில் இறந்துவிட்டதாக ஜேம்ஸ் நம்புகிறான். ஆட்டத்தின் பிற்பகுதியில், லேக்வியூ ஹோட்டலின் 312ஆம் அறையில் ஓடும் வீடியோ நாடா உண்மையைக் காட்டுகிறது: நோயுற்றிருந்த மனைவியின் முகத்தில் தலையணையை அழுத்திக் கொன்றவன் அவனேதான்.

இந்த மாற்றம் ஊரின் இயல்பையே மாற்றிவிடுகிறது. முதல் பாகத்தில் ஊர் பிறரால் கெடுக்கப்பட்டது; இங்கே ஊர் வருபவரின் மனத்தைத் திருப்பிக் காட்டுகிறது. ஜேம்ஸுக்கு முன் வரும் செவிலி உருவங்களும், இரண்டு ஜோடிக் கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய பொம்மை உருவங்களும், முக்கோண இரும்புத் தலையும் பெரிய கத்தியுமாக வரும் ‘பிரமிட் ஹெட்’டும் அவனுடைய ஆசையையும் குற்றவுணர்வையும் ஏந்தி வருபவை. தந்தையின் வன்கொடுமைக்கு ஆளான ஏஞ்சலா, கேலிக்கு ஆளாகியே வளர்ந்த எடி ஆகியோருக்கு அதே ஊர் வேறாகத் தெரிகிறது. சிறுமி லாராவின் கண்ணுக்குக் கோர உருவம் எதுவும் தென்படுவதில்லை. குற்றமற்ற ஒரு குழந்தை இடையில் ஓடியாடுவதால், திகிலின் ஊற்று ஊரில் இல்லை என்பது வசனம் இல்லாமலே விளங்கிவிடுகிறது.

3. பொருள் மாறிய சொத்துகள்

முதலாவது பனிமூட்டம். முதல் பாகம் ஓடிய பிளேஸ்டேஷன் கருவியால் தொலைவிலுள்ள கட்டடங்களை வரைந்து காட்ட இயலவில்லை. அந்தக் குறையை மறைக்கவே பனியும் இருளும் பயன்பட்டன. அடுத்த கருவியின் ஆற்றல் பல மடங்கு கூடுதல். இருந்தும் பனி விலகவில்லை. தொடக்கக் காட்சிக்குப் பின் ஜேம்ஸ் ஏரிக்கரை ஒற்றையடிப் பாதையில் ஊரை நோக்கி நடக்கிறான். சில நிமிடங்கள் நீளும் அந்த நடையில் எதிரி கிடையாது, பொறுக்கி எடுக்கப் பொருளும் இல்லை. பனிக்குள் காலடி ஓசை மட்டும் கேட்கிறது. ஆட்டக்காரருக்கு எது தெரியவில்லையோ அது ஜேம்ஸுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வரைபடம். வுட் சைட் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இது இந்த வகையின் பழைய சலிப்பு. ஆனால் ஜேம்ஸ் கையில் வரைபடம் இருந்தால், திறக்காத கதவின் மேல் அவனே சிவப்புப் பேனாவால் கிறுக்குகிறான். அடைபட்ட வழியைக் கோடிட்டு அடைக்கிறான். ஆட்டக்காரர் காகிதத்தில் குறித்துவைக்க வேண்டிய கணக்கை நாயகன் தன் கையெழுத்தில் குறிக்கிறான். சலிப்பு குறைவதோடு, தேடுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வும் கூடுகிறது.

மூன்றாவது சுமைப்பை. ‘ரெசிடென்ட் ஈவில்’ வரிசையில் பைக்குள் இடம் குறைவு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதே கவலை. ‘சைலண்ட் ஹில் 2’ அந்த வரம்பை எடுத்துவிட்டு, பைக்குக் கதையில் வேலை கொடுத்தது. மேரியின் கடிதம் தொடக்கத்திலிருந்தே பைக்குள் இருக்கிறது. ஆட்டத்தின் பிற்பகுதியில் மீண்டும் திறந்து பார்த்தால் எழுத்துகள் மறைந்து வெறுந்தாள் தெரிகிறது. பிறகு தாளும் இல்லாமல் போகிறது. இதை அறிவிக்கும் காட்சி எதுவும் இல்லை. பையைத் திறந்து பார்ப்பவருக்கே தெரியும். லேக்வியூ ஹோட்டலில் பணியாளர் லிஃப்ட் ஓர் ஆளின் எடையை மட்டுமே தாங்கும் என்பதால் ஜேம்ஸ் கையிலுள்ள அனைத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. ஆயுதம், டார்ச், ரேடியோ எதுவும் உடன் இல்லை. வீடியோ நாடாவின் உண்மைக்குச் சற்று முன் வரும் இந்த வெறுங்கை நடையில், சுமைப்பை என்ற பழைய சட்டம் நாயகனை நிராயுதபாணியாக்கும் கருவியாகிவிடுகிறது.

நான்காவது ஒலி. கோர உருவம் நெருங்கினால் ஜேம்ஸின் ரேடியோ இரைகிறது. இது முதல் பாகத்திலேயே இருந்த உத்தி. எச்சரிக்கை கிடைத்தால் பயம் குறைய வேண்டும். ஆனால் இரைச்சல் திசையைச் சொல்வதில்லை. பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து, எங்கே என்று தெரியாத நிலையில் பயம் கூடுகிறது. யமாஓகா இதன்மேல் உலோக உரசல்களையும் இனம்பிரிக்க முடியாத முனகல்களையும் அடுக்கி, எது ரேடியோ, எது சுவருக்கு அப்பாலிருந்து வருவது என்று குழம்ப வைக்கிறார்.

4. பொருள் மாறாத சொத்துகள்

புதிர்களில் சில, வகையின் சட்டத்துக்காக மட்டுமே இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் வரும் ஜூஸ் டின்கள் இதற்கு நல்ல உதாரணம். ஒரு தளத்தில் குப்பை கொட்டும் குழாய் அடைத்திருக்கிறது. வேறிடத்தில் ஜூஸ் டின்களின் கட்டு ஒன்று கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து குழாய்க்குள் போட்டால் அதன் கனத்தில் அடைப்பு விழுகிறது. பிறகு வெளியே இறங்கிப் போய்க் குப்பையில் தேடினால் ஒரு நாணயம் கிடைக்கிறது. மூன்று நாணயங்கள் சேர்ந்தால் ஒரு செய்யுளின் குறிப்புப்படி அவற்றைப் பெட்டியில் அடுக்கலாம். மனைவியைத் தேடி வந்தவன் குப்பைக்குழாயில் ஏன் டின்களைப் போட வேண்டும் என்பதற்குக் கதையில் விடை இல்லை. ப்ரூக்ஹேவன் மருத்துவமனையில் வளைந்த ஊசியில் முடியைக் கட்டி வடிகால் துளைக்குள்ளிருந்து சாவியைத் தூண்டிலிட்டு எடுக்கும் புதிரும் இத்தகையதே.

இவற்றைக் கனவின் தர்க்கம் என்று காப்பாற்ற முயலலாம். கனவில் காரணம் தேட வேண்டியதில்லை என்பது அந்த வாதம். ஆனால் கனவுத் தர்க்கம் இந்த ஆட்டத்திலேயே வேறிடத்தில் சரியாக வேலை செய்கிறது. வரலாற்றுக் கழகக் கட்டடத்துக்குப் பின் வரும் பகுதியில் அடி தெரியாத குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் குதிக்க வேண்டுமா என்று ஆட்டம் கேட்கிறது. ஆட்டக்காரர் ஆம் என்று சொல்லியாக வேண்டும். இயற்பியலின்படி இது நம்பவே முடியாதது. இருந்தும் யாரும் குறை சொல்வதில்லை. கீழே போவது ஜேம்ஸ் ஏற்கெனவே தொடங்கிவிட்ட காரியம். ஜூஸ் டின்னுக்கு அவன் மனத்தில் வேர் இல்லை. வேறுபாடு அங்கேதான்.

கேமராவின் கதையும் இதுவே. குறுகிய நடைபாதைகளில் கேமரா ஜேம்ஸின் முகத்தைப் பார்த்தபடி நிற்கும்போது, அவனுக்கு நேர் எதிரே நிற்கும் உருவம் அவன் கண்ணுக்குத் தெரியும். ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பனியில் இருவரும் ஒன்றாகக் குருடாகிறார்கள். இங்கே ஆட்டக்காரர் மட்டும் குருடாகிறார். கேமராவை ஜேம்ஸின் முதுகுப்பக்கம் திருப்ப ஒரு பொத்தான் உண்டு என்றாலும், எல்லா இடத்திலும் அது பலிப்பதில்லை.

சண்டையில் பலமும் குறையும் கலந்தே இருக்கின்றன. ஜேம்ஸ் போர்ப்பயிற்சி இல்லாத சாதாரண மனிதன். ஆணி அடித்த பலகையை அவன் வீசும் விதத்தில் தெரியும் தடுமாற்றம் அவனுக்குப் பொருந்துகிறது. படிக்கட்டு அறையில் பிரமிட் ஹெட்டுடன் நடக்கும் முதல் மோதலில் அதைக் கொல்லவே முடியாது. குறிப்பிட்ட நேரம் தாக்குப்பிடித்தாலே போதும், அபாயச் சங்கு ஒலித்ததும் அது நீருக்குள் இறங்கிப் போய்விடுகிறது. இவை சண்டைக்குப் பொருள் கொடுத்த இடங்கள். மற்ற இடங்களில் நிலைமை வேறு. சாதாரணக் கடின நிலையில் தோட்டாக்கள் தாராளமாகக் குவிகின்றன. சிவப்புச் சதுரங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டத்தைச் சேமிக்கலாம். தெருவில் எதிர்ப்படும் உருவங்களைச் சுற்றி ஓடிவிடலாம். பற்றாக்குறையைக் கைவிட்ட ஆட்டம், பற்றாக்குறையை நம்பியே பொருள் பெறும் சண்டையை மட்டும் கைவிடவில்லை. அதனால் பாதி ஆட்டத்துக்குப் பின் எதிரிகள் பயம் தராமல் வெறும் தாமதமாக மாறிவிடுகிறார்கள்.

5. முடிவுகள்: பலத்துக்குள் ஓர் அநீதி

ஆட்டத்துக்குப் பல முடிவுகள் உண்டு. முதல் முறை விளையாடுபவருக்கு வாய்ப்பவை மூன்று: ஜேம்ஸ் ஊரைவிட்டுப் போவது, ஏரியில் மூழ்கிச் சாவது, மேரியின் சாயலில் வந்த மரியாவுடன் போவது. எந்த முடிவு என்பதை வசனத் தேர்வுகள் தீர்மானிப்பதில்லை. ஆட்டக்காரரின் பழக்கங்களை ஆட்டம் ஓசையின்றி எண்ணிக்கொண்டிருக்கிறது. காயத்தோடு நீண்ட நேரம் திரிவது, ஏஞ்சலா கொடுத்த கத்தியை எடுத்துப் பார்ப்பது, மருத்துவமனைக் கூரையிலுள்ள நாட்குறிப்பைப் படிப்பது ஆகியவை ஏரி முடிவை நோக்கித் தள்ளுகின்றன. உடனுக்குடன் மருந்திடுவது, மேரியின் படத்தைப் பார்ப்பது முதல் முடிவுக்கு உதவுகின்றன. மரியாவை விட்டு விலகாமல் காப்பது மூன்றாவதைக் கொண்டுவருகிறது.

2001இன் சூழலில் இது துணிச்சலான உத்தி. உயிரளவு என்ற பழைய கணக்கை, வாழ விரும்புகிறானா இவன் என்ற கேள்வியாக மாற்றியது. ஆனால் அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தைச் சிக்கனம் செய்யும் ஆட்டக்காரர் சாக விரும்புபவர் அல்லர். இந்த வகை அவருக்குக் கற்பித்த பழக்கத்தைப் பின்பற்றுபவர். அவருடைய சிக்கனத்தை ஜேம்ஸின் விரக்தியாக ஆட்டம் படித்துக்கொள்கிறது. கணக்கு மறைந்திருப்பதால்தான் முடிவு உண்மையாக ஒலிக்கிறது. மறைந்திருப்பதாலேயே அது தவறாகவும் படிக்கிறது. இந்தக் குறையைத் தனியே கழற்றி எடுக்க முடியாது. எடுத்தால் பலமும் கூடவே போய்விடும்.

6. இரண்டு சோதனைகள்

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கப் பின்வந்த இரண்டு பதிப்புகள் உதவுகின்றன. 2012இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வந்த ‘எச்டி கலெக்‌ஷன்’ பதிப்பு, முழுமை பெறாத மூல நிரலை வைத்துச் செய்யப்பட்டது. படம் கூர்மையானது, ஆனால் பனி சரியாக அமையவில்லை. பனி மறைக்க வேண்டிய காட்சி ஓரங்கள் வெளியே தெரிந்தன. தெளிவு கூடியதும் ஊர் சுருங்கி, வெறும் அரங்கச் சட்டமாக நின்றது. பனி அலங்காரம் என்ற நிலையைத் தாண்டி ஆட்டத்தின் உறுப்பாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் போலந்தின் ப்ளூபர் டீம் செய்த மறுஆக்கம் வேறு வழியில் போனது. கேமரா ஜேம்ஸின் தோளுக்குப் பின் வந்து நின்றது. அவன் பார்ப்பதும் ஆட்டக்காரர் பார்ப்பதும் ஒன்றானதால் பழைய எரிச்சல் ஒன்று முற்றாகத் தீர்ந்தது. விலகித் தப்ப ஒரு பொத்தான் வந்தது. ஏஞ்சலா, மரியா ஆகியோரின் முகபாவங்கள் நுட்பமடைந்தன. அதேவேளை ஆட்டத்தின் நீளம் ஏறத்தாழ இரு மடங்காகி, அந்த நீளத்தில் பெரும்பங்கைச் சண்டை எடுத்துக்கொண்டது. ஒரே வகை உருவங்களைத் தளத்துக்குத் தளம் அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. மூலத்தில் சண்டை பொருளற்றுப்போன இடங்களில் அதைத் தவிர்த்து ஓடவாவது முடிந்தது. மறுஆக்கத்தின் குறுகிய அறைகளில் அதுவும் கடினம். கையாளும் முறை சீரானதும் சண்டை நன்றாகிவிட்டது உண்மைதான். ஆனால் மனைவியைக் கொன்றவன் ஒருவனின் கதையில் அத்தனை சண்டை எதற்கு என்ற கேள்வி 2001இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.