சங்கிலிக்குள் வராத வீடுகள்

அளவைச் சங்கிலி பிடித்த சர்வேயராக இருந்தவன் நான். தூரம் என்றதும் எங்கிருந்து எதுவரை என்றுதான் கேட்பேன். தமிழ்நாட்டின் 2003 மதுக்கடை விதிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் கடை தள்ளி இருக்கவேண்டிய தூரம் உண்டு: மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100. வீடுகளுக்கு? ஒன்றுமில்லை. தெருவில் குடியிருப்பவரை விட்டுவிட்டு என்ன அளவையோ!

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. விபத்தைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால் 2017 ஏப்ரலில் மூடப்பட்ட கடைகள் பல, குடியிருப்புகளுக்குள் இடம் தேடின. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி வரவிருந்த கடையை எதிர்த்துப் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அதன்பின் ஊர் ஊராகப் பெண்கள் திரண்டார்கள். கடை வேண்டாமென்று பல கிராம சபைகள் தீர்மானம் போட்டன.