வாசலில் ஒரு நாய்

பங்களாக்கள் நிறைந்த தெருவில் நடந்து போகிறவர்களுக்கு 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை மிகவும் பழக்கமானது. சில வீடுகளில் பலகை மட்டும் இருக்கும், நாய் இராது. அது செத்துப் போய் வருஷங்கள் பல ஆகியிருக்கும். ஆனாலும் பலகையைக் கழற்ற வீட்டுக்காரருக்கு மனம் வருவதில்லை. கழற்றினால் அன்றிரவு தூக்கம் வராதோ என்று ஒரு பயம்!

இந்தப் பலகையின் வமிசம் மிகப் பழையது. அதன் மூதாதையைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலியிலுள்ள பாம்பேய் நகருக்குப் போக வேண்டும். கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலுக்கடியில் புதைந்துபோன ஊர் அது. அங்கே 1824-ஆம் ஆண்டில் ஒரு வீட்டைத் தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள். 'சோகக் கவிஞரின் வீடு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 'பாம்பேயின் கடைசி நாட்கள்' என்ற நாவலை 1834-இல் வெளியிட்ட லிட்டன், தம் கதாநாயகனை இந்த வீட்டில்தான் குடிவைத்தார்.

தெருவாசலைத் தாண்டியதும் ஒரு குறுகலான நடை. அதன் தரையில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களைப் பதித்து ஒரு நாயை உருவாக்கியிருக்கிறார்கள். கழுத்தில் பட்டை, பட்டையில் சங்கிலி. பல்லைக் காட்டிக்கொண்டு பாயத் தயாராக நிற்கிறது. கீழே 'காவே கானெம்' என்று லத்தீன் எழுத்துக்கள். 'நாய், ஜாக்கிரதை' என்பதுதான் அதன் பொருள்.

கல் நாய் யாரைக் கடிக்கும்? ஆனால் ரோமானியப் பணக்காரரின் சங்கடத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். உதவி நாடி வருகிறவர்களுக்காகக் காலையில் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வாசலில் நின்றாலே உள்ளே இருக்கும் செல்வம் கண்ணில் படும். படவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பட்டுவிட்டதே என்பதுதான் அவர் பயம்! திருடரைப் பிடிக்கவும் தீயை அணைக்கவும் கி.பி. 6-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி 7 காவற்படைகளை அமைத்தார். அவை தலைநகரான ரோமாபுரிக்குத்தான். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தாழ்ப்பாளும் அடிமையும் நாயுமே துணை.

அதே நூற்றாண்டில் விவசாயத்தைப் பற்றி நூல் எழுதிய கொலுமெல்லா இந்த விஷயத்தை நன்றாக அறிந்தவர். பண்ணை வீட்டைக் காக்கும் நாய் கறுப்பாக இருக்க வேண்டும் என்கிறார் அவர். பகலில் பார்த்தால் திருடன் நடுங்குவான். இரவில் இருட்டோடு இருட்டாக இருப்பதால் அது வருவதே அவனுக்குத் தெரியாது. சாதுவான நாய் திருடனிடமே வாலை ஆட்டும். மூர்க்கமான நாய் வீட்டாரையே கடிக்கும். ஆகையால் இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேடிக்கொள் என்றும் யோசனை சொல்கிறார். கடிப்பதைவிட பயமுறுத்துவதுதான் காவல் நாய்க்கு முக்கியமான வேலை. அந்த வேலையைப் படமும் செய்யும். பெட்ரோனியஸ் எழுதிய கதையில், பணக்காரர் வீட்டுச் சுவரில் தீட்டியிருந்த நாயைக் கண்டு ஒருவன் பின்னால் விழப்போகிறான். கூட வந்தவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்.

இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களுக்கு ஏமாற்றம் வந்தால் கோபமும் அதே அளவில் வரும். கி.மு. 390-ஐ ஒட்டி கால் இனத்துப் படையினர் ஓர் இரவில் ரோமாபுரியின் கோட்டைக் குன்றில் ஏறினார்களாம். நாய்கள் குரைக்கவில்லை, வாத்துக்கள்தாம் கத்தி எழுப்பின. தூங்கிவிட்ட காவற்காரன் ஒருவனைக் குன்றிலிருந்து தள்ளினார்கள். அவன் கணக்கு அத்துடன் தீர்ந்தது. நாய்களுக்கோ ஆண்டுதோறும் தண்டனை! உயிருள்ள நாய்களை மரத்தில் அறைந்தார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். இதே வெசூவியஸ் வெடித்தபோது உயிர்விட்டவர்தான் அந்தப் பிளினி.

பாம்பேயில் இன்னொரு நாயும் இருந்தது. 1874-ஆம் ஆண்டில் வேறொரு வீட்டைத் தோண்டியவர்கள், சாம்பலில் இருந்த வெற்றிடத்தில் பாரிஸ் சாந்தை ஊற்றினார்கள். சாந்து இறுகியதும் ஒரு நாயின் உருவம் கிடைத்தது. கழுத்தில் பட்டை. உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது, கால்கள் மேலே தூக்கியிருக்கின்றன. எரிமலைக் கல்லும் சாம்பலும் குவியக் குவிய அது மேலே ஏறியிருக்க வேண்டும். சங்கிலி எட்டிய மட்டும்தான் ஏற முடிந்தது. அவிழ்த்துவிட ஒருவரும் வரவில்லை.

வீட்டிலிருந்தவர்கள் பயமில்லாமல் தூங்குவதற்காகப் பூட்டிய சங்கிலி அது. இன்றும் நடு இரவில் நம் வீட்டு நாய் குரைத்தால், காவல் இருக்கிறது என்ற நிம்மதியுடன் நாம் புரண்டு படுத்துக்கொள்கிறோம். மழை கொட்டும் இரவில் அது எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று எழுந்து பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?