குருதியின் சுவடு – 9: வீழ்த்தாத கிருமி

1986. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது உறுதியானது. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

ஆஸ்திரேலியாவில் அச்சம் அதற்கு முன்பே வீடுகளுக்குள் புகுந்திருந்தது. 1984 நவம்பரில், குயின்ஸ்லாந்தில் ரத்தம் ஏற்றப்பட்ட பச்சிளம் குழந்தைகள் எய்ட்ஸால் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே, தானமாக வரும் ரத்தம் முழுவதையும் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. இனி வரும் ரத்தம் காக்கப்படும். ஏற்கெனவே ஏற்றிய ரத்தம்?

சிட்னி செஞ்சிலுவை ரத்த வங்கியில் ஜெனிபர் லியர்மன்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் பழைய பதிவேடுகளைத் திறந்தார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்த ஒவ்வொரு கொடையாளரும் முன்பு எப்போது ரத்தம் கொடுத்தார், அது எந்த மருத்துவமனைக்குப் போனது, யார் உடலில் ஏறியது என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள். கதவைத் தட்டியபோது பல வீடுகளில் காத்திருந்தது துயரம்தான். சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில், தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பத்து ஆண்டுகளுக்குள் எய்ட்ஸ் நோயாளி ஆனார்கள்.

ஒரே ஒரு கொடையாளரின் வரிசை மட்டும் மாறுபட்டிருந்தது. ஆய்வேடுகளில் அவர் பெயர் டி-36. அவர் ரத்தத்தைப் பெற்றவர்களுக்கும் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. ஆண்டுகள் பல கடந்தும் அவர்களிடம் எய்ட்ஸின் அறிகுறி தென்படவில்லை. டி-36 தானும் நலமாக நடமாடினார். ஒருவர் தப்பினால் அவர் உடல்வாகு என்று சொல்லலாம். வயதிலும் உடல்நிலையிலும் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத பலர் சேர்ந்தாற்போல் தப்பினால்? அவர்களுக்குப் பொதுவாக இருந்தது அந்தக் கிருமி ஒன்றுதான். 1992-ல் லியர்மன்ட் குழுவின் கட்டுரை 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

புதிரை அவிழ்க்கும் பொறுப்பு மெல்பர்னுக்கு வந்தது. அந்நகரின் யாரா நதிக்கரையில் இருக்கிறது ஃபேர்ஃபீல்ட் பகுதி. அங்கேதான் தொற்றுநோய் மருத்துவமனை இருந்தது. அதன் வளாகத்தில் மக்ஃபர்லேன் பர்னெட் ஆய்வு மையம். அங்கே நிக்கோலஸ் டீக்கனும் சூசன் குரோவ் உள்ளிட்ட அறிஞர்களும் அந்தக் கிருமியின் மரபுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி சுமார் 9,700 எழுத்துகள் கொண்டது. இந்தக் கிருமியில் ஓரிடத்தில் எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தன. உதிர்ந்த இடம் 'நெஃப்' என்னும் மரபணு. நம் உடலின் ஓர் உயிரணுவுக்குள் எச்.ஐ.வி. புகுந்ததும், உள்ளே பகைவன் இருக்கிறான் என்று அந்த உயிரணு தன் மேற்பரப்பில் அடையாளம் காட்டும். அதைக் கண்டுதான் கொல்லும் வெள்ளை அணுக்கள் பாயும். அந்த அடையாளத்தை உள்ளே இழுத்து மறைப்பது நெஃப் செய்யும் வேலைகளில் ஒன்று. நெஃப் சிதைந்த கிருமி அந்தத் திரையை இழந்துவிட்டது. கொடையாளரிடமும் ரத்தம் பெற்றவர்களிடமும் அதே பகுதியில் குறை. 1995 நவம்பரில் 'சயன்ஸ்' இதழ் இதை உலகுக்கு அறிவித்தது.

ஆய்வுலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம் இருந்தது. 1992-லேயே அமெரிக்காவில் ரொனால்ட் டெரோசியர்ஸ் குழு, குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி. கிருமியில் நெஃப் மரபணுவை வெட்டி எடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்தியிருந்தது. அவை நோயுறவில்லை, பிறகு வீரியமான கிருமியைச் செலுத்தியபோதும் தாக்குப்பிடித்தன. ஆய்வுக்கூடத்தில் மனிதர் செய்ததை, சிட்னியில் இயற்கையே மனிதரிடம் செய்து காட்டியிருக்கிறதா? தட்டம்மைக்குத் தடுப்பூசி கண்ட வழியில், வலுக்குறைந்த எச்.ஐ.வி.யே எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி ஆகிவிடுமா?

அதே 1995-ல் இன்னொரு ஆய்வு முடிவும் வெளியானது. ரூத் ரூப்ரெக்ட் குழு, நெஃப் உட்பட சில பகுதிகள் நீக்கப்பட்ட கிருமியைப் பிறந்த குரங்குக் குட்டிகளுக்கு வாய்வழியே கொடுத்தது. வளர்ந்த குரங்குகளை விட்டுவைத்த அந்தக் கிருமி, குட்டிகளை எய்ட்ஸில் தள்ளியது.

ஆக, வலுக்குறைந்த கிருமி தோற்றுப்போன கிருமியா, காலம் பார்த்துக் காத்திருக்கும் கிருமியா? இதற்கு விடை சொல்ல உலகில் ஒரு சிறு கூட்டத்தால்தான் முடியும்: தங்கள் ரத்தத்தை ஆண்டுக்கு ஆண்டு ஆய்வுக்குக் கொடுத்துவந்த அந்தச் சிட்னிவாசிகள். தடுப்பூசிக் கனவு முழுவதும் அவர்கள் உடலில் ஓடும், எச்.ஐ.வி. குறிவைக்கும் சி.டி.4 வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை நம்பி நின்றது.

அந்த எண்ணிக்கை சிலரிடம் இறங்கத் தொடங்கியது. இறங்கியவர்களில் ஒருவர், டி-36.

(தொடரும்)